மற்றும் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம்

புலம்பெயர்ந்த தமிழர் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸ் புறநகரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது நகுலேஸ்வரன் வீடு. அந்த வீட்டுப் பேஸ்மென்டிலிருந்து ‘ஆற்றோரம்’ என்ற வாரப் பத்திரிகை முப்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தமிழ்க் கடைகளின் வாசலிலும், கோயிலில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலும், மாதா கோயில் மண்டபத்திலும் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிடும். சனிக்கிழமை அதில் மீன்தான் சுற்றப்பட்டிருக்கும் என்று பகிடி பண்ணுகிறவர்கள்கூட மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீனைச் சுற்றுவார்கள். மூன்றாம் பக்கம் மரண அறிவித்தல்.

வித்தியா அந்தப் பத்திரிகையின் ஒப்புநோக்குநர். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை, பெயர்ப் பிழை பார்ப்பது அவள் வேலை. பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்டவள். படிப்பு ஓடாமல் அல்ல. பிரெஞ்சு வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பேசிக் காட்டவேண்டிய சோதனை ஒன்று வந்தது. அன்று காலை வயிற்றுவலி என்று படுத்தவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எழுத்தோடு அவளுக்குப் பயமில்லை. எழுத்து திரும்பி முகத்தைப் பார்க்காது. தொலைபேசி என்றால்தான் கை குளிர்ந்துபோகும். பேஸ்மென்டில் மணி அடித்தால் அவளுக்குத் தண்ணீர் விடாய்த்துவிடும். மேலே குசினிக்குப் போய்விடுவாள். நகுலேஸ்வரனுக்கு இது தெரியும். ‘இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் தண்ணி விடாய்க்குது’ என்று ஒருமுறை சிரித்தாரே தவிர, வேறொன்றும் சொன்னதில்லை.

ஆனால் தொலைபேசியில் பதிந்து கிடக்கும் குரல்கள் அவளுக்குப் பிடிக்கும். தமிழில் தட்டச்சுத் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு அறிவித்தலை அந்த மெசினில் சொல்லிவிட்டு வைப்பார்கள். புதன்கிழமை வித்தியா காதில் மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்டுக் கேட்டு அடிப்பாள். அடித்து முடிந்ததும் அழித்துவிடுவாள். மெசினில் இடம் போதாது. அந்தக் குரல்கள் அவளிடம் ஒன்றும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்தப் பங்குனியில் முப்பதாவது ஆண்டு மலர். "பத்திரிகையின்ரை வரலாற்றை நீ எழுது பிள்ளை," என்று நகுலேஸ்வரன் சொன்னார்.

"நானோ அங்கிள்?"

"வேற ஆர்? நான் எழுதினா நான் நல்லவன் எண்டு வரும். மனுசி எழுதினா நான் விசரன் எண்டு வரும். நீ எழுது."

அவள் பழைய கட்டுகளை அவிழ்த்தாள். முதலாவது ‘ஆற்றோரம்’ பத்திரிகையே அல்ல. கையால் எழுதி, டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் படியெடுத்த ஒற்றைத் தாள். உணவகமொன்றில் கோப்பை கழுவிய ஒருவர் வாடகை அறையில் இறந்துபோனார். தமிழ் ஆட்களுக்குச் செய்தி எட்டியபோது எரித்தும் முடிந்துவிட்டது. அந்தக் கிழமை நகுலேஸ்வரன், ‘இன்னார் காலமானார். ஊரில் இவருடைய தாயை அறிந்தவர்கள் தயவுசெய்து அறிவிக்கவும்’ என்று எழுதி நாலு கடைக் கதவில் ஒட்டினார். மூன்றாம் நாள் தாயைத் தெரிந்த ஒருவர் வந்தார். மற்றக் கிழமை வேறொரு வீட்டார் தாங்களாகவே வந்து, ‘எங்கடையையும் ஒட்டுவியளோ?’ என்று கேட்டார்கள். அப்படித்தான் பத்திரிகை பிறந்தது.

பனிமழை அடித்து மின்கம்பமெல்லாம் முறிந்து, நகரம் இருக்கும் ஆற்றுத் தீவே இருண்டு கிடந்த தை மாதத்தில் அது மறுபடி கையெழுத்துத் தாளானது. எந்த வீட்டில் விறகடுப்பு உண்டு, யார் யார் போய்ப் படுக்கலாம் என்பதுதான் அந்த இதழ் முழுவதும். போர் முடிந்த வருடத்து வைகாசியில் மூன்றாம் பக்கம் போதவில்லை. பத்திரிகை முழுவதும் மூன்றாம் பக்கமானது. பிறகு இணையத்தில் அறிவித்தல்கள் வந்தன. இனி ‘ஆற்றோரம்’ முடிஞ்சுது என்றார்கள். ஆனால் ஆட்கள் இரண்டிலும் போட்டார்கள்: இணையத்தில் உலகத்துக்கு, ஆற்றோரத்தில் தெருவுக்கு.

இவற்றுக்கு நடுவில், மூன்றாம் வருடக் கட்டில், வித்தியா ஒரு சண்டையைக் கண்டுபிடித்தாள். லஷீனில் இருந்த ஒருவருடைய மாமியார் இறந்த அறிவித்தலில், காற்புள்ளி ஒன்று இடம் மாறியதால் அவரும் ‘காலஞ்சென்ற’ பட்டியலில் சேர்ந்துவிட்டார். மனிதர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வந்து, பேஸ்மென்ட் படியில் நின்று, ‘இஞ்சை பாரும், பிரேதம் வந்திருக்கு, மாலை போடும்’ என்று கத்தினாராம். அன்றைக்கு நகுலேஸ்வரன் ஒரு விதி போட்டார். உறவுகளைச் சொல்லும்போது ‘மற்றும்’ என்ற சொல் ஒரு மதில். இறந்தவர்கள் அதற்கு முன்னால். இருப்பவர்கள் அதற்குப் பின்னால். சந்தேகம் வந்தால் வீட்டாருக்குப் போன் அடித்துக் கேட்கவேண்டும்.

வித்தியாவுக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. வரலாற்றில் அதற்கு ஒரு பந்தி ஒதுக்கி, கடைசியில் இப்படி எழுதினாள்: ‘அன்றிலிருந்து இன்றுவரை, உயிரோடிருக்கும் ஒருவரும் எங்கள் பத்திரிகையில் இறந்ததில்லை.’

அந்த வசனத்தை எழுதிய அடுத்த புதன்கிழமை அவள் பிலோமினம்மாவைக் கொன்றாள்.

மெசினில் ஒரு பெண்ணின் குரல். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து றோசா என்று பெயர் சொன்னது. அவருடைய தமையன் றெனோல்ட் இறந்துவிட்டார். யாழ்ப்பாணம் பாசையூரைப் பிறப்பிடமாகவும் பியர்பொன்ட்ஸை வதிவிடமாகவும் கொண்டவர். குரல் மெதுவாக, எழுதிவைத்து வாசிப்பதுபோல் வந்தது. தாய், தந்தை, மனைவி, பிள்ளைகள். பிறகு சகோதரர்கள்: "காலஞ்சென்ற மரியநாயகம், எங்கட பெரியக்கா பிலோமினம்மா..."

அங்கே குரல் நின்றது. மூக்கு உறிஞ்சும் சத்தம். யாரோ பின்னால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம். பிறகுதான், "...மற்றும் றோசா ஆகியோரின் அன்புச் சகோதரரும்" என்று வந்தது.

வித்தியா இரண்டாம் முறை கேட்டாள். ‘மற்றும்’ பிலோமினம்மாவுக்குப் பின்னால் நின்றது. அப்படியென்றால் பிலோமினம்மா மதிலுக்கு அந்தப் பக்கம். அந்தப் பெயரில்தான் அழுகையும் வந்தது. இறந்தவர் இருவர் என்றால் ‘காலஞ்சென்ற’ என்பது போதாது, பன்மை வேண்டும். ‘காலஞ்சென்றவர்களான மரியநாயகம், பிலோமினம்மா, மற்றும் றோசா’ என்று அடித்தாள். ‘எங்கட பெரியக்கா’ என்பதை வெட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அப்படியெல்லாம் வீட்டுப் பேச்சுப் போடுவதில்லை. அதோடு, ஒரேயொரு அக்காவுக்கு எதற்குப் ‘பெரிய’?

கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இல்லை என்று சொல்லமுடியாது. நகுலேஸ்வரன் விளம்பரம் வாங்க வெளியே போயிருந்தார். றோசாவின் எண் திரையில் இருந்தது. வித்தியா தொலைபேசியைப் பார்த்தாள்; பிறகு விதியைப் பார்த்தாள். விதி தெளிவாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதிவை அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் பேஸ்மென்டுக்கு வந்தபோது நகுலேஸ்வரன் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தூரத்திலும் றோசாவின் குரல் கேட்டது.

"ஊரெல்லாம் என்ன சொல்லுது தெரியுமோ? ஒம்பது வருசம் கதையாமல் இருந்தவள், தருணம் பார்த்துத் தமக்கையைச் சாகடிச்சிட்டாள் எண்டு சொல்லுது! நான் அப்பிடிச் சொன்னனானோ? சொல்லுங்கோ!"

அவர் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்தார். "பிலோமினம்மா ரொக்ஸ்பரோவில கல்லுமாதிரி இருக்கிறா பிள்ளை. நான் போன் அடிச்சு, எங்கட பிழை எண்டு சொன்னன். ‘றோசா சொல்லித் தந்ததை ஒப்புவிக்கிறியோ’ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டா. மகன் பிருந்தன் சொல்லுறான், தாய் செத்தவீட்டுக்கு வரமாட்டாவாம். ‘செத்தவள் செத்தவீட்டுக்குப் போறதில்லை’ எண்டு பிடிவாதமாம்."

"திருத்தம் போடலாமே அங்கிள்," என்றாள் வித்தியா. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"போடலாம். வாற வெள்ளி. நாளையிண்டைக்கு ஞாயிறு றெனோல்டைப் பார்வைக்கு வைக்கினம், திங்கள் அடக்கம். வெள்ளிக்கிழமை திருத்தம் வரேக்குள்ளை மண் காஞ்சிருக்கும்."

வாரப் பத்திரிகை விட்ட பிழைக்கு ஒரு கிழமை ஆயுள். அதற்குள் அதை யாராலும் கொல்லமுடியாது. முகப்புத்தகத்தில் போட்டார்கள்; பிலோமினம்மா அதைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது ‘ஆற்றோரம்’ மட்டும்தான்.

"றோசா மெசினில என்ன சொன்னவ? அப்பிடியே இருக்கோ?"

"அழிச்சிட்டன்."

நகுலேஸ்வரன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். "சரி, தட்டச்சுப் பிழை எண்டு போடுவம்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வித்தியா ஒன்றை விளங்கிக்கொண்டாள். றோசா உண்மையில் என்ன சொன்னார் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் றோசா. அவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மற்றது, தொலைபேசி மணிக்குப் பயந்து தண்ணீர் குடிக்கப் போகிற ஒருத்தி.

சனிக்கிழமை காலை பஸ் எடுத்தாள். வழி முழுவதும் சொல்லவேண்டியதை மனதுக்குள் எழுதி, வெட்டி, மறுபடி எழுதினாள். பனி உருகி மறுபடி உறைந்த தெரு. ரொக்ஸ்பரோ நிலையத்துக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. படியில் யாரோ உப்புப் போட்டிருந்தார்கள். நிறையச் சப்பாத்து அடையாளம். மணியை அழுத்தியபோது, எழுதிவைத்த அத்தனையும் தலையை விட்டுப் போய்விட்டது.

கதவைத் திறந்தது பிலோமினம்மாதான். கறுப்புச் சேலை, கம்பளிச் சட்டை, கையில் தடி.

"ஆர் பிள்ளை? நீயும் செத்தவீட்டுக்கோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா. பிரேதம் உள்ளுக்கு இருக்கு." சொல்லிவிட்டுத் தானே நடந்துபோய்ச் சோபாவில் இருந்தார்.

பக்கத்தில் இன்னொரு வயதான பெண் மடியில் சாப்பாட்டுக் கரியரோடு இருந்தார். அதே தெருவில் இருக்கும் நல்லம்மா. வித்தியா யாரென்று கேட்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை.

"நான் நேற்றுப் பேப்பரைப் பார்த்தன் பிள்ளை. றெனோல்ட் போன கவலையில இவவும் போட்டா எண்டு நினைச்சு, அழுதழுது கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் வைச்சுக்கொண்டு ஓடியாறன். இவ வந்து கதவைத் திறக்கிறா! எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

"கரியரை விட்டிடுவாள் எண்டு நான்தான் பிடிச்சனான்," என்றார் பிலோமினம்மா. "இண்டைக்கும் கொண்டந்திருக்கிறாள். நல்ல கறி. கிழமைக்கொருக்கால் சாகலாம் போல கிடக்கு."

சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. சுவரில் றெனோல்டின் படம், கீழே மெழுகுதிரி.

"நான்... ஆற்றோரம்," என்றாள் வித்தியா.

பிலோமினம்மா சோபாவில் நிமிர்ந்து இருந்தார்.

"ஓகோ. நேற்று நகுலேஸ்வரன் போன் அடிச்சவர். இண்டைக்கு உன்னை அனுப்பியிருக்கிறாரோ? இல்லாட்டி றோசா அனுப்பினவளோ?"

"ஆரும் அனுப்பேல்லை. நான்தான் பிழை விட்டது. றோசா அன்ரி அப்பிடிச் சொல்லேல்லை."

"பிள்ளை, உனக்குத் தெரியாது." பிலோமினம்மா தடியை நிலத்தில் ஊன்றினார். "அவள் தன்ரை மகளின்ரை கலியாணத்தை எனக்குத் தபால்ல சொன்னவள். கூடப்பிறந்த தமக்கைக்கு! வீட்டுக்கு வந்து, தட்டத்தில வைச்சுத் தந்து, ‘அக்கா வாங்கோ’ எண்டு சொல்ல வேணுமோ இல்லையோ? முத்திரை ஒட்டி அனுப்பினவள். உள்ளுக்கு ஒரு துண்டு: வருவீங்களோ மாட்டீங்களோ, கோடு போட்டு அனுப்பட்டாம். நான் கோடு போடேல்லை. அண்டையோட கதை விட்டுப்போச்சு. தபால்ல கலியாணம் சொன்னவள், இப்ப பேப்பர்ல செத்தவீடு சொல்லுறாள். என்ரை தம்பி, நான் இடுப்பில காவித் திரிஞ்ச பிள்ளை, அவன்ரை அறிவித்தல்லை என்னைப் பிணமாக்கி வைச்சிருக்கிறாள். நான் எந்த முகத்தோடை அங்கை போய் நிக்கிறது?"

வித்தியாவுக்குத் தண்ணீர் விடாய்த்தது. எழுந்து தப்பிப்போக அங்கே அவளுக்குக் குசினி இல்லை.

"மற்றும் எண்ட சொல்லாலதான்," என்று தொடங்கினாள். "எங்கட பத்திரிகையில ஒரு விதி இருக்கு. மற்றும் எண்டதுக்கு முன்னால செத்த ஆக்கள். பின்னால உயிரோட இருக்கிற ஆக்கள்."

நல்லம்மா வாயைப் பிளந்தார். "அப்பிடி ஒரு சட்டமோ? முப்பது வருசமா வாசிக்கிறன். எனக்குத் தெரியாதே!"

வித்தியா திடுக்கிட்டுப்போனாள். அதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த மதிலைப் பற்றிப் பேஸ்மென்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. றோசாவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

"அன்ரிக்கும் தெரியாது," என்றாள், இப்போது கொஞ்சம் வேகமாக. "அவ கடைசிப் பேருக்கு முன்னால மற்றும் போட்டவ. எல்லாரும் பேச்சில போடுறமாதிரி. நான்தான் விதியை வைச்சுப் பார்த்து, ரெண்டு பேரும் செத்திட்டினம் எண்டு பன்மை போட்டனான். அவ சொன்னது ஒருமை. ‘காலஞ்சென்ற’ எண்டுதான் சொன்னவ."

"நீ சொல்லுறாய். அவள் சொன்னது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் கேட்டு அடிச்சனான். ‘காலஞ்சென்ற மரியநாயகம், எங்கட பெரியக்கா பிலோமினம்மா, மற்றும்...’"

"நில்லு."

தடி அசையாமல் நின்றது.

"என்னெண்டு சொன்னவள்?"

"எங்கட பெரியக்கா எண்டு. நான் அதையும் வெட்டிப்போட்டன். ஒரு அக்காதானே, பெரிய எண்டது தேவையில்லை எண்டு நினைச்சு..."

பிலோமினம்மா மெழுகுதிரியைப் பார்த்தார். நல்லம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கரியரின் மூடியை இறுக்கினார்.

"ரெண்டு அக்கா," என்றார் பிலோமினம்மா. "றெனோல்டுக்கும் றோசாவுக்கும் இடையில ஒருத்தி இருந்தவள். நேசமலர். ஆறு வயசில காய்ச்சல்லை போட்டாள். றோசா அப்ப மூண்டு வயசுக் குஞ்சு. அவளைச் சின்னக்கா எண்டும் என்னைப் பெரியக்கா எண்டும் கூப்பிடுவாள். சின்னக்கா இல்லாமல் போனாப் பிறகும் பெரியக்கா எண்டதை விடேல்லை. அம்மா செத்தபிறகு இது ஆருக்கும் தெரியாது." திரும்பினார். "நல்லம்மா, உனக்குத் தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது."

"நகுலேஸ்வரனுக்குத் தெரியவே ஞாயமில்லை." அவர் வித்தியாவை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "அதைச் சொல்லேக்கை அழுதவளோ?"

"ஓம். உங்கட பேரைச் சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. அதாலயும்தான் நான்... நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

"விசர்ப் பிள்ளை," என்றார் பிலோமினம்மா. "உயிரோட இருக்கிற ஆளை நினைச்சும் அழுறதுதானே."

பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்ன மேசையிலிருந்த தொலைபேசியைக் காட்டினார். "அடி அவளுக்கு."

"நானோ?"

"செத்தவள் அடிச்சா அவள் பயந்து செத்துப்போவாள். நீ அடி."

எண்ணை அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஒன்பது வருடமாக அடிக்காத எண். ஒரு மணி, இரண்டு மணி. இப்போது வைத்துவிட்டால்கூட யாரும் ஒன்றும்...

"அலோ?"

"அன்ரி, நான் ஆற்றோரத்திலையிருந்து வித்தியா கதைக்கிறன்."

பிறகு அவள் கதைக்கவில்லை, கேட்டாள். றோசா அழுதார், திட்டினார், பத்திரிகைக்குத் தீ வைக்கவேண்டும் என்றார், மறுபடி அழுதார். மூச்சு வாங்குகிற இடத்தில் வித்தியா, "பிழை என்ரை அன்ரி," என்றாள். "நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். அதைச் சொல்லத்தான் ரொக்ஸ்பரோவுக்கு வந்தனான்."

"அக்கா எங்கை?"

"இஞ்சை. பக்கத்தில இருக்கிறா."

றோசா மூக்கை உறிஞ்சினார். பிறகு மெல்ல: "நாளைக்கு வருவாவோ எண்டு கேளும் பிள்ளை."

வித்தியா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். பிலோமினம்மா முகத்தைத் திருப்பினார். "வீட்டுக்கு வந்து சொன்னவளோ?"

நல்லம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எடி, உனக்கென்ன மூளை பிசகிப்போச்சோ? கலியாணத்துக்குத்தான் சொன்னாப் போறது. செத்தவீட்டுக்கு ஆர் சொல்லிப் போறது? சொல்லாமல் போறதெல்லோ செத்தவீடு! உனக்கு ஆரும் பேந்து தட்டத்தில வைச்சுத் தர வேணுமோ?"

"நான் எப்ப வரமாட்டன் எண்டனான்?" பிலோமினம்மா சீறினார். "செத்தவள் வரமாட்டாள் எண்டனான். நான் செத்தனானோ?"

வித்தியா கையை எடுத்தாள். "அன்ரி, வருவாவாம்."

"கேட்டுது," என்றார் றோசா.

ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலிக்கு உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கூட்டம். பிலோமினம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, கதவடியில் நின்ற ஒருவர் கும்பிட்ட கையோடு ஒதுங்கினார். "அன்ரி, நீங்கள்... பேப்பர்ல..." என்று யாரோ இழுத்தார்கள்.

"லீவு தந்தவையள். அடக்கம் முடியத் திரும்பிப் போக வேணும்," என்றார் பிலோமினம்மா நிற்காமலே.

றோசா பெட்டியின் தலைமாட்டில் நின்றார். மூத்தவர் நிற்கவேண்டிய இடம் அது. தமக்கையைக் கண்டதும் ஒரு ஆள் இடம் தள்ளி நின்றார். பிலோமினம்மா அந்த இடத்தில் போய் நின்று, தம்பியின் முகத்தைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த சனம் ஏமாந்துபோயிற்று.

"செபமாலையை வலக்கையில சுத்தியிருக்கிறாய்," என்றார் பிலோமினம்மா. "அவன் இடக்கைக்காரன் எல்லோடி."

"ஓம் பெரியக்கா," என்றார் றோசா. இரண்டு பேருமாகக் குனிந்து மாற்றினார்கள்.

பின்வரிசையில் நகுலேஸ்வரன் வித்தியாவின் பக்கம் சாய்ந்தார். "திருத்தம் எழுதி வைச்சிட்டன். தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம் எண்டு."

"தட்டச்சுப் பிழை இல்லை அங்கிள். சரியாத்தான் அடிச்சனான். கேக்காமல் அடிச்சனான். அதைப் போடுங்கோ."

"முப்பது வருசத்தில அப்பிடி ஒண்டு போட்டதில்லை."

"வரலாற்றில வரட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது என்பதால் கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆண்டு மலரில் வரலாறு வந்தது. ‘உயிரோடிருக்கும் ஒருவரும் இறந்ததில்லை’ என்ற வசனத்தை வித்தியா வெட்டிவிட்டாள். அந்த இடத்தில், மற்றும் என்ற மதிலைப் பற்றியும், அது கட்டியவர்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாமல் இத்தனை வருடம் நின்றது என்பதைப் பற்றியும் எழுதினாள். ரொக்ஸ்பரோவில் ஒருவர் இரண்டு நாள் இறந்திருந்ததையும், அவருக்கு வந்த கத்தரிக்காய்க் கறியையும் எழுதினாள். கறியை எடுத்துவிடலாமா என்று நகுலேஸ்வரன் கேட்டார். பிலோமினம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டாள். கறி இருக்கட்டும் என்று பதில் வந்தது. ஆனால் நல்லம்மாவின் பெயரைப் போட்டால் அவள் இனி நிலத்தில் நிற்கமாட்டாள் என்றும் வந்தது. பெயரும் போடப்பட்டது.

இப்போது புதன்கிழமைகளில் அறிவித்தலை அடித்து முடித்தபிறகு வித்தியா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் அடித்து, எழுதியதை வாசித்துக் காட்டுகிறாள். கை இன்னும் குளிரத்தான் செய்கிறது. சில நேரம் அடிக்குமுன் மேலே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். ஆனால் வருவாள்.

முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு றோசா மெசினில் சொல்லவில்லை; நேரே கூப்பிட்டார். மணி அடித்தபோது பேஸ்மென்டில் வித்தியா தனியே இருந்தாள். எடுத்தாள்.

"எழுதும் பிள்ளை. சகோதரர்கள். பெரியக்கா எண்டதை வெட்டாதையும்."

"வெட்டமாட்டன் அன்ரி. இந்தமுறை மற்றும் எங்கை வருது?"

"அதைப் பேந்து பார்ப்பம். முதல் பேருகளை எழுதும். காலஞ்சென்ற மரியநாயகம், நேசமலர்..." குரல் நின்றது. பின்னாலிருந்து வேறொரு குரல், "சொல்லனடி, அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்," என்று அதட்டியது. பிலோமினம்மாவின் குரல்.

வித்தியா விசைகளில் கை வைத்தபடி காத்திருந்தாள். அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு பிள்ளை, எந்தப் பத்திரிகையிலும் வராத பெயர். மதிலுக்கு அந்தப் பக்கம் மரியநாயகத்தோடு போய் நின்றது.

"அன்ரி," என்றாள், "இப்ப ரெண்டு பேர். ‘காலஞ்சென்றவர்களான’ எண்டு போடட்டோ?"

தொலைபேசியின் அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டார்கள்.

"ஓம் பிள்ளை," என்றார் றோசா. "இப்ப அதுதான் சரியாம்."